கயிற்றின் மறுமுனை

எமில்டா டீச்சரின் வகுப்பில் ஒரு விதி உண்டு. கதை சொல்வது யாராக இருந்தாலும் கேட்கிறவர்கள் உம் கொட்ட வேண்டும். உம் சத்தம் நின்றால் கதையும் நின்றுவிடும், சொல்கிறவர் மனசும் நொந்துபோகும். ஒரிசாக்காரப் பிள்ளை சொன்னாலும் உம், மளிகைக்கடை அண்ணாச்சி மகள் சொன்னாலும் உம், டீச்சரே சொன்னாலும் உம். எழுத்துக் கூட்டத் திணறும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இந்த விதியை மட்டும் ஒரு நாளும் மறந்ததில்லை.

துறைமுகச் சாலையிலிருந்து கடலைப் பார்த்துப் பிரிகிற தெருவில் இருந்தது பள்ளிக்கூடம். காற்று திரும்பினால் நிலக்கரித் தூசி வந்து பெஞ்சுகளில் படியும். வகுப்பில் பாதி, கடற்கரைக் கத்தோலிக்கப் பிள்ளைகள். வீரபாகு அண்ணாச்சியின் மகள் செல்வலட்சுமி மாதிரி கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் கொஞ்சம். சங்கு குளிக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பையன் இஜாஸ். துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்க வந்த ஒரிசாக்காரர்களின் பிள்ளைகள் பின்வரிசையில். அதில் லிப்சா என்ற பெண்ணுக்குத் தமிழ் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆனால் வாய் எல்லாரையும் விட நீளம்.

அந்தக் கோடையில் நாசரேத் ஊரில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. பிரேமா என்ற அம்மாள் வந்து பேசினார். பல ஊர்ப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருந்தால் அவரவர் வீட்டுக் கதைகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்றார். தன் வீட்டுக் கதையோடு வரும்போதுதான் பிள்ளை முழுசாக வகுப்புக்குள் வருகிறது என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். எமில்டாவும் ஆட்டினாள். ஆனால் அவள் மனது வேறு பக்கம் போயிற்று. வீட்டிலிருந்து வகுப்புக்குக் கதை வருமென்றால் வகுப்பிலிருந்து வீட்டுக்கும் ஒரு கதை போகும். பிள்ளையின் வாயில் ஏறிக்கொண்டு, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், நேரே அடுப்படி வரைக்கும் போகும். யார் தடுப்பது?

அவள் கதை அனுப்ப நினைத்தது ஒரே ஒரு வீட்டுக்கு. அவளுடைய சொந்த அண்ணன் மெல்வின் வீட்டுக்கு.

மெல்வினின் மகள் அனிஷா அவள் வகுப்பில்தான் இருந்தாள். முன்வரிசையில், சுவரோரம். டீச்சர் என்று கூப்பிடச் சொல்லியும் கேட்காமல் அத்தை அத்தை என்றே வகுப்பிலும் கூப்பிடுவாள்.

சங்கு குளிக்கிறவர்களிடம் முத்துக் குளித்த காலத்திலிருந்தே ஒரு வழக்கம் இருக்கிறது. கடலுக்குள் இறங்குகிறவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்வான். அதன் மறுமுனையைப் படகில் இருந்து பிடிப்பவன் அவன் மனைவியின் உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும். மச்சான்தான் பிடிக்க வேண்டும். மற்றவன் பிடித்தால் கை அசந்துபோகலாம், பேராசை வரலாம், பழைய பகை நினைவுக்கு வரலாம். தங்கச்சியின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்று தெரிந்தவன் விடமாட்டான். இப்போது மூச்சுக்கு முதுகில் கட்டும் சிலிண்டர் வந்துவிட்டது. ஆனாலும் கயிறு போகவில்லை. மச்சானும் போகவில்லை. நுனியில் ஒரு சுருக்குப் போட்டுத் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு அவன் உட்கார்ந்திருப்பான்.

எமில்டாவின் கணவன் இனிகோவுக்குக் கயிறு பிடித்தவன் மெல்வின்.

இனிகோ இறந்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது. கயிறு பாரில் உரசி அறுந்துவிட்டது என்று மெல்வின் வந்து சொன்னான். கடலடிப் பாறைத் திட்டைத்தான் அவர்கள் பார் என்பார்கள். "இழுத்துப் பாத்தேன், வெறுங்கயிறுதான் வந்துச்சு" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதான். அன்றைக்கு அந்தப் பக்கம் ரோந்துப் படகு சுற்றியதாகக் கரையில் பேச்சு இருந்தது. படகு ஓட்டிய ஜெர்சன் வாயே திறக்கவில்லை. அடக்கம் முடிந்த கையோடு கேரளாப் பக்கம் தொழிலுக்குப் போனவன் திரும்பவும் இல்லை.

உடல் கரை ஒதுங்கிய பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு பாலித்தீன் பையை எமில்டாவிடம் கொடுத்தார்கள். மோதிரம், கழுத்தில் மாதா படத்தோடு கிடந்த உத்தரியம், இடுப்பில் கட்டியிருந்த கயிற்றுத் துண்டு. மஞ்சள் கயிறு. முழத்துக்கு முழம் நீல நூல் சுற்றியிருக்கும். அது இனிகோவின் அடையாளம். ஒவ்வொரு குளியாளும் தன் கயிற்றுக்கு ஒரு அடையாளம் வைத்திருப்பான். நீல நூலைச் சுற்றியது எமில்டாதான், கல்யாணமான புதிதில், சட்டைக்குப் பொத்தான் தைத்த கையோடு.

அந்தத் துண்டின் நுனி தண்ணீரில் ஊறி அலைந்து பஞ்சாகப் பிரிந்து போயிருந்தது. அறுந்ததா அறுத்ததா என்று எவராலும் சொல்ல முடியாது. ஊர்க் கமிட்டித் தலைவர் ஜேசுபாதம் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இத வச்சு என்னம்மா சொல்ல? மெல்வின் கைல இருந்த பாதியப் பாத்தாத்தான் தெரியும்." மெல்வினைக் கேட்டார்கள். ஆத்திரத்தில் கடலில் வீசிவிட்டேன் என்றான்.

அங்கேதான் எமில்டாவுக்குப் பிடிபட்டது. செத்தவன் கயிற்றை யாரும் கடலில் போடுவதில்லை. போட்டால் கடல் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இதைப் பிடித்திருந்தவன் எங்கே என்று தேடி வரும் என்பது அந்தக் கரையின் பயம். எரிக்கவும் மாட்டார்கள். மச்சான்காரன் அதைச் சுருட்டி வீட்டுக்குள் எங்காவது வைத்துக்கொண்டு, தான் சாகும்போது தன் சவப்பெட்டிக்குள் போடச் சொல்லுவான். மெல்வின் எதற்கும் துணிந்தவனாக இருக்கலாம். ஆனால் அந்தப் பயத்தைத் தாண்டுகிறவன் இல்லை. பாதி அவன் வீட்டில்தான் இருக்கிறது.

அதை அவள் அவனிடமே கேட்டாள். மெல்வின் பக்கத்தில் நின்று கடலை மிட்டாய் தின்றுகொண்டிருந்த அனிஷாவை இழுத்து அவள் தலையில் கை வைத்தான்.

"இந்தா, எம்பிள்ள தலைல அடிச்சுச் சொல்லுதேன். நான் அறுக்கல. என் வீட்டுல ஒண்ணும் இல்ல."

பிள்ளை மிட்டாயை மென்றுகொண்டே அத்தையைப் பார்த்துச் சிரித்தது. அந்த நிமிஷம் எமில்டாவுக்குள் ஏதோ ஒன்று இறுகி உட்கார்ந்துகொண்டது. பிள்ளையைப் பந்தயத்தில் வைத்தது நான் இல்லை, அவன்தான் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். பிறகு பலமுறை சொல்லிக்கொண்டாள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் கதை நேரம் தொடங்கியது. முதலில் பிள்ளைகள் சொன்னார்கள். இஜாஸ், வயிற்றுக்குள் விளக்கு வைத்திருந்த மீனைப் பற்றிச் சொன்னான். லிப்சா, கடலுக்குப் போன அண்ணன்மாருக்காக வாழைமட்டையில் கப்பல் செய்து விளக்கேற்றி விடுகிற தங்கச்சியைப் பற்றிச் சொன்னாள். செல்வலட்சுமி இசக்கி கதை சொன்னாள். தன்னைக் கொன்றவனை விடாமல் துரத்தி, ஊர் நடுவில் வைத்துப் பழி தீர்த்த பெண்.

"பழி வாங்குன பெறவு அவ எங்க போனா?" என்று லிப்சா கேட்டாள்.

"எங்கயும் போவல. அங்கனயே மரத்தடில நிக்கா. எங்க அம்மா செகப்புச் சேல சாத்துவாவ."

"வீட்டுக்குப் போவாதா?"

"போவ முடியாதுளா. சாமியாயிட்டால்லா."

எமில்டா கரும்பலகையை அழித்துக்கொண்டே கேட்டாள். பிறகு கையைத் தட்டித் தூசியை உதறிவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப நான் சொல்லுதேன். ஒரு ஊருல ஒரு கயிறு இருந்துச்சு."

"உம்."

"மஞ்சக் கயிறு, நீலக் கோடு போட்டது. அதுக்கு ரெண்டு முனை. ஒரு முனை கடலுக்குள்ள ஒருத்தன் இடுப்புல. மறுமுனை படகுல அவன் மச்சான் கைல."

"உம்."

"ஒரு நாள் தூரத்துல ஒரு கறுப்புக் கப்பல் வந்துச்சு. மச்சான்காரன் பயந்துட்டான். மாப்பிள்ளைய மேல இழுக்க நேரமில்லைன்னு நெனச்சான். கத்திய எடுத்தான். சடக்."

உம் பிந்தித்தான் வந்தது. 

கடலுக்குள் போன பாதிக் கயிறு கரைக்கு நீந்தி வந்தது. ஈரம் சொட்டச் சொட்டத் தெருவில் ஊர்ந்து போயிற்று. வீடு வீடாகக் கதவைத் தட்டியது. என் மறுமுனை எங்கே? என் மறுமுனை எங்கே? இங்கே இல்லை என்றார்கள். அடுத்த வீட்டுக்குப் போயிற்று. இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறது.

"கயித்துக்கு வாய் உண்டா டீச்சர்?" என்றான் இஜாஸ்.

"ஒன் மீனு வயித்துல வெளக்கு இருக்கும்போது கயித்துக்கு வாய் இருக்கக் கூடாதால?"

வகுப்பு சிரித்தது. மணி அடித்ததும் அத்தனை பிள்ளைகளும் வரிசையாக ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு, பாம்பு மாதிரி வளைந்து வளைந்து, என் மறுமுனை எங்கே என்று கத்திக்கொண்டே கேட்டைத் தாண்டிப் போனார்கள். முன்னால் போனது அனிஷா.

ஒரு வாரத்துக்குள் கதை தெரு முழுக்கப் பரவிவிட்டது. மீன் ஏலம் விடும் இடத்தில்கூடச் சிறுசுகள் பெரியவர்களின் கைலியைப் பிடித்து இழுத்து, என் மறுமுனை எங்கே என்றன. பெரியவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சில பேர் சிரிப்பதை விட்டுவிட்டு மெல்வின் இருக்கும் பக்கம் பார்த்தார்கள்.

மெல்வின் ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். எமில்டா சோற்றுக் கையோடு வெளியே வந்தாள்.

"ஏளா, பிள்ளையளுக்கு என்ன கதை சொல்லிக் குடுக்க?"

"கதைதான அண்ணே. கதைல என்ன கிடக்கு?"

"வேற கதையே அம்புடலியா ஒனக்கு?"

"நரி கதையும்தான் சொன்னேன். அது ஒன் வீட்டு வாசலுக்கு வரலியே."

மெல்வின் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "நான் சோத்துல கை வச்சா எம்பிள்ள வந்து எங்காலக் கட்டிக்கிடுதா. என் மறுமுனை எங்கங்கா. வெளையாட்டுன்னு நெனச்சுச் சிரிக்கா. எனக்குத் தொண்டைல எறங்கல எமில்டா."

"பார்ல அறுந்த கயிறுதான? ஒனக்கு ஏன் எறங்காம இருக்கணும்?"

"கடல்ல போட்டுட்டேன்னு அன்னைக்கே சொன்னேம்லா."

"எந்த மச்சான் இதுவரைக்கும் கயித்தக் கடல்ல போட்டிருக்கான்? ஒருத்தன் பேரச் சொல்லு."

மெல்வின் கேட்டை விட்டுக் கையை எடுத்தான், போனான். எமில்டா உள்ளே வந்து மீதிச் சோற்றைச் சாப்பிட்டாள். ருசியாக இருந்தது.

செப்டம்பரில் பெற்றோர் நாள் வந்தது. வகுப்புக்கு ஒரு நாடகம் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்க வேண்டியதே இல்லை. கயிற்றுக் கதைதான் என்று பெஞ்சு மேல் ஏறி நின்று கத்தினார்கள். கயிறாக நடிப்பதற்கு லிப்சாவைத் தேர்ந்தெடுத்தார்கள், மெலிந்து நீளமாக இருந்ததால். கடைசி வீட்டுக்காரியாக நிற்கும் வேஷத்தை எமில்டா அனிஷாவுக்குக் கொடுத்தாள். இங்கே இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்த வேண்டும். அவ்வளவுதான். மெல்வின் முன்னால் உட்கார்ந்து, தன் மகள் வாயாலேயே அந்தப் பொய்யைக் கேட்க வேண்டும் என்பது அவள் கணக்கு.

ஒத்திகையில் லிப்சா மேடையிலேயே நின்றுவிட்டாள்.

"டீச்சர், இந்தக் கதை சரியில்ல."

"என்ன சரியில்ல?"

"எங்க ஊரு கதைல தொலஞ்சது கடைசில கிடைக்கும். கிடைக்கலன்னா கதை முடியல. கயிறு பாவம். எவ்ளோ வீடு நடக்கும்?"

"ஆமா டீச்சர், பாவம்" என்றது வகுப்பு.

அனிஷா மட்டும் பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசனையாக உட்கார்ந்திருந்தாள். எமில்டா அதைப் பார்த்தாள். பார்த்தும் பேச்சை மாற்றவில்லை. "அப்ப யாராவது தேடிக் கொண்டாங்க. கிடைச்சா முடிச்சிரலாம்" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

பெற்றோர் நாளன்று மதியம், பிள்ளைகளுக்குப் பவுடர் பூசிக்கொண்டிருந்தபோது, அனிஷா ஒரு துணிப்பையை நெஞ்சோடு அணைத்தபடி ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது.

"அத்தை, மறுமுனை கிடைச்சிட்டு!"

"எங்கன?"

"எங்க வீட்டு டிரங்குப் பெட்டிக்கு அடில. பழைய வலைக்குள்ள சுத்தி வச்சிருந்துச்சு. அப்பா குளிக்கப் போனாவல்லா, அப்பந் தேடினேன். கதைல உள்ளதேதான் அத்தை, நீலக் கோடு எல்லாம் இருக்கு!"

எமில்டா பையைத் திறந்தாள். மஞ்சள் கயிறு. அவள் விரலால் சுற்றிய நீல நூல். ஒரு நுனியில் மணிக்கட்டுச் சுருக்கு. மறு நுனி, காய்ந்த இடத்தில் கிடந்ததால், அன்றைக்கு இருந்தபடியே இருந்தது. ஒரு பிசிறு இல்லை. பனங்கிழங்கை அரிந்தது போல ஒரே வீச்சு.

அந்தப் பையை அவள் அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கலாம். சாயங்காலம் ஜேசுபாதத்தின் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். பிள்ளைக்குத் தெரியாமலே முடிந்திருக்கும். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

"நானே மேடைல குடுக்கேன் அத்தை. லிப்சாவுக்குத் தெரியாது. அவ ஆடிப் போயிருவா." அனிஷா குதித்தாள். "குடுக்கட்டா?"

பிள்ளையின் தலை உச்சி வகிடெடுத்துப் பளபளவென்று இருந்தது. மெல்வின் கை வைத்த அதே தலை.

"குடு" என்றாள் எமில்டா. "நீயே குடு."

கடற்கரை ஆட்கள் பாதிப் பேர் வந்திருந்தார்கள். ஜேசுபாதம் முதல் வரிசையில். மெல்வின் பின்னால் தூணோரமாக, கையைக் கட்டிக்கொண்டு. லிப்சா நீலத் துணியைச் சுற்றிக்கொண்டு வீடு வீடாக ஊர்ந்தாள். பிள்ளைகள் கூட்டமாக, என் மறுமுனை எங்கே என்று பாடினார்கள். செல்வலட்சுமி, இங்கன இல்ல போ போ என்று விளக்குமாற்றைக் காட்டியபோது கூட்டம் சிரித்தது. கடைசி வீட்டுக்கு வந்தது கயிறு.

"என் மறுமுனை எங்கே?"

அனிஷா பைக்குள் கையை விட்டாள். இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

"இங்கன இருக்கு! எங்க அப்பா டிரங்குப் பெட்டிக்கு அடில இருந்துச்சு!"

முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு முன்வரிசையில் ஒருவர் சிரிப்பை நிறுத்தினார். பின்னால் இன்னொருவர். நீல நூலைத் தெரியாத குளியாள் அங்கே இல்லை. கூட்டம் வரிசை வரிசையாக அடங்கிப் போயிற்று. மேடையில் பிள்ளைகள் மட்டும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏளா அனிஷா, கீழ எறங்கு" என்றான் மெல்வின்.

ஜேசுபாதம் எழுந்து மேடையருகே போனார். பிள்ளையிடம் பக்குவமாகக் கையை நீட்டி வாங்கினார். நுனியைக் கட்டைவிரலால் தடவினார்.

"கத்தி" என்றார்.



"ரோந்துப் படகு வந்துட்டு பெரியப்பா" என்றான் மெல்வின். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. "படகு நெறைய, பிடிக்கத் தடை போட்ட கடலட்டை கெடந்துச்சு. பிடிச்சா எல்லாரும் உள்ள போயிருப்போம். மாப்பிள்ள மேல வந்துருவான்னு நெனச்சேன். நல்லா நீந்துவாம்லா..."

"தங்கச்சி புருசன்ல" என்றார் ஜேசுபாதம். 

எமில்டா மேடையோரம் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த முகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று இரண்டு வருஷமாக ஏங்கியிருந்தாள். கண்ணை எடுக்காமல் பார்த்தாள். போதவில்லை. இன்னும் பார்த்தாள். அப்போது யாரோ அவள் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். அனிஷா.

"அத்தை, கதை முடிஞ்சிட்டுல்லா? ஏன் யாரும் கை தட்டல?"



போலீஸ் கேஸ் அது பாட்டுக்கு நடக்கிறது. கரையின் தீர்ப்பு அதற்கு முன்பே வந்துவிட்டது. யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. ஆனால் எந்தக் குளியாளும் இனி மெல்வின் கையில் கயிறு கொடுக்க மாட்டான். நங்கூரக் கயிறு கட்ட ஓடிவந்தாலும் பக்கத்தில் நிற்பவன் முந்திக்கொண்டு பிடித்துவிடுவான். அந்தக் கரையில் அதற்கு மேல் ஒருவனைக் கொல்ல முடியாது. ஜாமீனில் வந்தவன் சாகுபுரம் ஆலையில் மூட்டை தூக்கப் போவதாகச் சொன்னார்கள். பெற்றோர் நாளன்று சாயங்காலம் எமில்டா சீலா மீன் வாங்கிக் குழம்பு வைத்து, இனிகோ போனதிலிருந்து இல்லாத பசியோடு, சட்டியை வழித்துச் சாப்பிட்டாள்.

அனிஷா இரண்டு வாரம் பள்ளிக்கு வரவில்லை. வந்தபோது முன்வரிசைக்குப் போகாமல் பின்னால் லிப்சா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வருகைப் பதிவில் பேர் கூப்பிட்டதும் எழுந்து, "உள்ளேன் டீச்சர்" என்றாள்.

டீச்சர்.

மதியம் கதை நேரம். யார் சொல்லப் போகிறீர்கள் என்று எமில்டா கேட்டாள். பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. அனிஷா முன்னால் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சன்னலுக்கு வெளியே பார்த்தபடி தொடங்கினாள்.

"ஒரு ஊருல ஒரு அத்தை இருந்தா."

"உம்" என்றது வகுப்பு.

"அவளுக்கு ஒரு மருமவ இருந்தா. அத்தைன்னா அவளுக்கு உசுரு."

"உம்."

"அத்தைக்கு மருமவளோட அப்பாவக் கொல்லணும். அவகிட்ட கத்தி இல்ல. அதனால மருமவளக் கூப்பிட்டு, ஒரு கதை சொல்லுதேன் வாளான்னா."

செல்வலட்சுமி உம் என்று தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். இஜாஸ் குனிந்துகொண்டான். வகுப்பில் சத்தமே இல்லை. தூரத்தில் துறைமுகக் கிரேன் ஒன்று கிறீச்சிட்டு நின்றது. அனிஷாவும் நின்றாள். உம் இல்லாமல் கதை நகராது. அவள் சன்னலிலிருந்து முகத்தைத் திருப்பி, முதல் முறையாக எமில்டாவை நேராகப் பார்த்தாள். காத்துக்கொண்டு நின்றாள்.

விதி எமில்டா வைத்ததுதான்.

"உம்" என்றாள் எமில்டா.